பாராடாங்கில் திரும்பும் லாரிகள்

மாதக் கடைசி. லாரி கம்பெனியின் சம்பளக் கணக்கை நான் மாலைக்குள் வங்கிக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநர்கள் நல்லதம்பிக்கும் விஜயனுக்கும் நடை பூஜ்யம் என்று கணினி காட்டியது.

முதலாளியின் மகன் பாலகுமார் போன மாதம்தான் ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநர் பெயரில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டினான். பெட்டி போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் வரை போனால்தான் நடைக் கூலி. இந்த இரண்டு பெட்டிகளும் மாதம் முழுக்கப் பாதி வழியிலுள்ள பாராடாங் வரை போய், அங்கேயே திரும்பியிருந்தன. ஆனால் போர்ட் பிளேரில் ஏற்றிய சிமெண்டு ரங்கத் கடைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

நல்லதம்பியை வரவழைத்துக் கேட்டேன்.

“லாரிய மாத்திக்குறோம்ல தம்பி,” என்றார்.

அது எனக்கும் தெரியும். காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு வண்டிகளை மொத்தமாகக் கான்வாய் விடும் நேரத்தில்தான் போக முடியும். ரங்கத் போனால் அன்றே திரும்ப முடியாது. இவர் வீடு இங்கே போர்ட் பிளேர் பத்துபஸ்தியில், விஜயன் வீடு ரங்கத்தில். பாராடாங் படகுத்துறையில் லாரியை மாற்றிக்கொண்டால் இருவரும் இரவு வீட்டில் இருக்கலாம். நல்லதம்பியின் மனைவி வைஜெயந்திக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நான்கு வயதுப் பெண்ணுக்குத் துணை இவர்தான்.

“லாரி மாறுச்சு சரி. பெட்டி எப்படித் திரும்பி வந்துச்சு?”

“கழட்டி எடுத்துட்டு வந்தேன். விஜயனும் அவனோடத எடுத்துக்குவான். பெட்டியப் பாத்துத்தான் சம்பளம்னு நீதானே சொன்ன. அத லாரிலயே விட்டா என் உழைப்பு விஜயன்கூடப் போயிராதா?”

“கழட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“தொலைக்கக் கூடாதுன்னு சொன்ன. தொலைக்கல. சாப்பாட்டுப் பைலதான் வச்சிருந்தேன்.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளறையிலிருந்து பாலகுமார் வந்தான். “மாத்துற வேலையெல்லாம் பந்த். ஒரு டிரைவர், ஒரு லாரி. ரங்கத் வரைக்கும் நீங்கதான் ஓட்டணும்.”

“அப்ப ராத்திரி பாப்பாவ யாரு பாக்குறது? வேற ஆள் தேடிக்குங்க சின்ன முதலாளி.” நல்லதம்பி குரலை உயர்த்தவில்லை. அந்த வழியில் ஓட்ட வேறு ஆள் கிடையாது.

“ரங்கத்துல தங்குனா இவருக்கு நைட் பேட்டா,” என்றேன். “விஜயன் இங்க தங்குனா அவருக்கும். ஒவ்வொரு நடைக்கும். போடட்டுமா?”

“நைட் பேட்டாவா? எவன் சொன்னான்?”

“உங்க புது ரூல்தான்.”

பாலகுமார் போனில் பேட்டாவைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் திணித்தான்.

“டீக் ஹை. மாத்திக்கட்டும். பெட்டி லாரிலயே இருக்கணும். சம்பளத்த நீ எப்படியாச்சும் போட்டுக்க.”

எப்படியாச்சும் என்றால், பாதி வழியில் ஓட்டுநர் மாறுவது கணினிக்குத் தெரியாது; அரை நடையையும் அது ஏற்காது. போன பாதியும் வந்த பாதியும் சேர்த்து ஒரு நடை என்று ஒவ்வொரு நாளுக்கும், இருவருக்கும், நான் கையால் அடிக்க வேண்டும். இனி எல்லா மாதமும்.

“பெட்டிய நாளைக்கு மாட்டிருங்க அண்ணே. இனிமே தொடாதீங்க.”

“மாட்டுறேன். விஜயனுக்கு நீயே சொல்லிரு. அவனுக்குப் புரிய வைக்க எனக்கு நேரமில்ல, பாப்பாவோட அம்மா டூட்டிக்குக் கிளம்பணும்.” சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

விஜயனுக்குப் போன் போட்டேன். காட்டுக்குள் இருந்திருப்பார், லைன் போகவில்லை. முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நடையாகக் கணினியில் அடிக்கத் தொடங்கினேன்.