மூன்றாவது விடை

என் கணவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டால் கணக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நகத்தைக் கடித்தால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து வந்தபோது, எழுத்துப்பிழை பார்த்து அனுப்பச் சொல்லிக் கணிதப் பத்திரிகையிலிருந்து வந்திருந்த தன் கட்டுரையின் அச்சுப்படியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நகத்தைக்கூடக் கடிக்கவில்லை.

நாங்கள் இருப்பது என் அண்ணன் வீட்டு மாடி அறையில். கொஞ்ச நாளைக்கு என்று வந்தோம். மகள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள். இவருக்குக் கல்லூரியில் தற்காலிக வேலை. இந்தக் கட்டுரை வெளிவந்தால் நிரந்தரமாக்குவதாகத் துறைத்தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்த அன்று அண்ணி, "ஒரு கணக்குக்கு மூணு விடை கண்டுபிடிச்சவருக்கு ஒரு வேலை கிடைக்காமயா போயிடும்?" என்றாள். கேலிதான். ஆனாலும் அறை காலியாகப்போகிற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று விடையை மகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துத்தான் எனக்கு விளக்கியிருந்தார். ஸ்கேலின் இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மேலே வளையும், இல்லாவிட்டால் கீழே வளையும். முனைகள் அதே இடம், அழுத்தமும் அதே, வளைவு மட்டும் வேறு. அப்படி அவருடைய சமன்பாட்டுக்குக் குறைந்தது மூன்று வளைவுகள் உண்டு என்று நிரூபித்திருந்தார். அவற்றை வரைந்து காட்ட முடியாதாம், இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்ல முடியுமாம். "கண்ணுல காட்டாத வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்குற மாதிரி இருக்கே" என்றேன். அன்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"மூணுல ஒண்ணு பூஜ்ஜியமா இருக்கலாம்."

"அப்படின்னா?"

"வளையவே வளையாத ஸ்கேல். சும்மா நேரா கிடக்கும். அதுவும் விடைதான், ஆனா அது பார்த்த உடனே எல்லாருக்கும் தெரியும். என்னோட மூணாவது விடை அது இல்லன்னு நான் எங்கயும் நிரூபிக்கல. ரெண்டுதான் நிச்சயம்."

"அப்ப ரெண்டுன்னு போட்டுடுங்க."

"ரெண்டு இருக்குன்னு ரொம்ப நாள் முன்னாடியே வேற ஒருத்தர் நிரூபிச்சாச்சு. மூணுங்கறதுதான் என்னோடது."

"யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. பரிசீலனை பண்ணவங்களும் கவனிக்கல."

"அப்ப விட்டுடுங்களேன்."

சொன்னதும் எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் மோட்டார் போடக்கூட அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் லேப்ல சந்தேகமா இருக்குற ரத்தத்துக்கு ரிப்போர்ட் கொடுப்பியா?"

"அது ஆள் உயிருங்க."

"ஆமா" என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் மேஜைப் பக்கம் திரும்பிக் கணினியைத் திறந்தார். பத்திரிகை ஆசிரியருக்குத்தான் எழுதுகிறார் என்று கேட்காமலே தெரிந்தது.

"அனுப்பப்போறீங்களா?"

"எழுதிப் பாக்குறேன். நீ வேண்டாம்னு சொன்னா அனுப்பல."

இப்படி என் தலையில் கட்டினால் நான் என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அனுப்புங்கள் என்றும் வரவில்லை.

கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "மாப்ள! நீங்க வாடகைக்குக் கேட்ட அந்த வீட்டுக்காரரு ஃபோன் பண்ணாரு. நாளைக்கு வந்து பாத்துக்கலாமாம்!"

மகளின் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, இரு கைகளுக்கும் நடுவில் வைத்து, அது நேராகவே நிற்க வேண்டும் என்று மெல்ல அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பக்கம் வளைந்தது. எனக்குப் பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றது; கடிதத்தை எழுதி முடித்திருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கேலை நிமிர்த்தி, மறுபடியும் அழுத்தினேன்.