அளவுக்கு நின்றவள்

இரண்டு பேருக்குப் பதிவு செய்த சுற்றுலாவில் ஒருவர் செத்துப்போனால் பயணக் கம்பெனி என்ன செய்யும்? பெயரை மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். அப்படித்தான் அப்பாவின் இருக்கையில் மகள் உட்கார்ந்து வந்தாள்.

அவள் பல் டாக்டர். ஊசி போட்டால் ஈறு எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்று நிமிஷக் கணக்காகச் சொல்வாள். அம்மா ஐந்து மாதமாக மரத்துக் கிடப்பதற்குத்தான் அவளிடம் கணக்கில்லை. சாவு வீட்டிலும் அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். நாக்கில் நரம்பில்லாத கூட்டம்.

போன வாரம் அம்மாவே கேட்டாள், "முப்பத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன். ஒரு சொட்டு வரலையே, நான் என்ன ஜென்மம்டி?"

அதற்குப் பிறகுதான் மகள் பிடிவாதமாகக் கிளப்பி அழைத்து வந்தாள்.

துறைமுக நகரம் பழசுதான். கோட்டை, கிடங்குத் தெரு, துருப்பிடித்த பீரங்கி என்று ஒவ்வொன்றுக்கும் கைடு வருஷக் கணக்கைக் கொட்டித் தீர்த்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"பிடிச்சிருக்காம்மா?"

"நல்லாத்தான் இருக்கு." ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

கடலோர மதிலருகே கைடு பத்து நிமிஷம் கொடுத்தார். மகள் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மா மதிலில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, விறைப்பாக நிற்கிறாள்.

வீட்டு ஆல்பம் முழுக்க அம்மா இப்படித்தான் நிற்பாள். அப்பா கட்டட என்ஜினியர், பழைய சுவரைக் கண்டால் விடமாட்டார். "நீ சரியா அஞ்சடி, கணக்குக்குச் சுலபம், போய் நில்லு" என்பார். பெண்டாட்டியை அளவுகோலாக்கிப் படமெடுத்த புண்ணியவான்! சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. எடுத்து முடித்து அவர் "ஆச்சு" என்று சொன்னால்தான் நகரலாம். அம்மா திட்டிக்கொண்டே போய் நிற்பாள்.

இப்போது எதிரே யாருமில்லை. இருபதடி தள்ளி வெறும் கல்தரை. அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, எல்லாரும் வண்டியேறிட்டாங்க."

"இதோ வரேன்."

கால் நகரவில்லை. மகள் போய்க் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"வரலாம்னுதான்டி பாக்குறேன்," என்றாள் அம்மா. "சொல்றதுக்கு ஆளில்லையே."

குரல் அங்கேதான் உடைந்தது. முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், கைகளைத் தொங்கவிட்டபடியே அழுதாள்.

"ஆச்சு" என்று சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை. அம்மாவின் பக்கத்தில் மதிலில் முதுகை ஒட்டி அவளும் நின்றுகொண்டாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.