மாரா மரத்தடிக்கு ஒரு பேரம்

மாத்தளை நகரப் பூங்காவில் பகல் வெயிலுக்கு நிழல் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். மேற்கு மூலையில் நிற்கும் மாரா மரத்தடி. வேலி விழுந்த நாளிலிருந்து அங்கே அப்துல் ஸமத் முதலாளியின் லொறி நிற்கிறது. மிளகு, கராம்பு மூட்டைகளை இறக்க அதைவிடச் சொகுசான இடம் கடைத்தெருவில் கிடையாது.

ஷெனாலி ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டியில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. சிறுவர் திடலுக்கு இடம் ஆராய வந்திருந்தாள். அவள் சொந்தமாக வரைந்த முதல் திடல் அது. சீமெந்து இல்லை, பழைய டயர், யூகலிப்டஸ் கம்பம், மழைத்தண்ணீரைக் குடித்துவிடும் மணல் தரை. வெயிலில் சறுக்கு தோசைக்கல்லாகிவிடும் என்பதால் மரத்தடி அவசியம். அக்கம்பக்கத்தார் "வேணும்" என்றால் வேலை தொடங்கும். இல்லையென்றால் திட்டம் தம்புள்ளைக்குப் போய்விடும்.

கடை கடையாகக் கேட்டாள். முஸ்லிம் கடைத்தெரு; இங்கே அண்ணன் 'நானா', அக்கா 'தாத்தா'.

"எங்களுக்கு என்னத்துக்கு? வேணாம்," என்றார் துணிக்கடை ஸப்ரி. "சறுக்கு எத்தன அடி?"

"ஆறு."

"ஏழா வெச்சா என்ன?"

"அப்ப வேணும்ங்கறீங்களா நானா?"

"சே சே, சும்மா கேட்டேன்."

"வேண்டாம்" என்று குறித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பீங்கான் கடை நூருன்னிஸா கோப்பை துடைப்பதை நிறுத்தவே இல்லை. "வேணாம் மகள். டயருக்குள்ள தண்ணி தேங்கி, நுளம்பு வந்து, டெங்கு யாருக்கு? ஒங்களுக்கா?"

"அடியில ஓட்டை போடுவோம் தாத்தா."

"பெரிய ஓட்டையாப் போடச் சொல்லுங்க. ஆனா வேணாம்."

ஸமத் முதலாளி பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து மரியாதையாக மறுத்தார். மறுத்த பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தை விரித்தார்.

"ஊஞ்சல் ரெண்டுதானா? எங்கட தெருவுல எத்தன புள்ளைகள் ஈக்குதுன்னு தெரியுமா?"

"வேணும்ங்கறீங்களா முதலாளி?"

"அல்லாவே, யாரு சொன்ன?"

ஷெனாலிக்குத் தலை சுற்றியது. தோட்டத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குமேல் யாரும் அளவு கேட்க மாட்டார்கள். மேலாளர் ரஜீவுக்குப் போன் போட்டாள்.

"வேணுமா வேணாமான்னு தெரியல சேர்."

"நீங்க கேக்கலியா?"

"கேட்டேன். அதுக்கப்புறம்தான் தெரியாமப் போச்சு."

மறுநாள் ரஜீவே வந்தார். முதலாளியின் கடையில் எல்லோரும் கூடினார்கள். ரஜீவ் நேராகக் கேட்டார். எல்லோரும் நேராகவே சொன்னார்கள்: வேணாம்.

"நல்லது. அப்ப தம்புள்ளைக்கே குடுத்துருவோம்."

ஷெனாலி வரைபடத்தைச் சுருட்டினாள். "ஒங்க நேரத்த வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ரஜீவும் பின்னால் வந்தார்.

பீங்கான் கடையைத் தாண்டினாள். யாரும் கூப்பிடவில்லை. பேரம் படியாமல் இறங்கிப் போகிற ஆளைத் துணிக்கடை வாசல்வரை போக விட்டுக் கூப்பிடுவது இந்தத் தெருவின் வழக்கம். அதைத் தாண்ட விட்டால் வியாபாரமும் போய்விடும். ஷெனாலிக்கு இது தெரியாது. அவள் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தாள்.

துணிக்கடை வாசலில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மகள்! எங்க போறீங்க? பேச்சு இன்னும் முடியல்லையே!"

திரும்பினாள். ஸமத் முதலாளி சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வேணாம்னுதானே சொன்னீங்க?"

"மொதல்ல வேற என்னத்தச் சொல்ற? சரி, ஊஞ்சல் ரெண்டா, மூணா?"

அவளுக்குப் பாதி புரிந்தது. மீதி புரியவில்லை. மாரா மரத்தைப் பார்த்தாள். கீழே லொறி.

"லொறி அங்க நின்னா ஒண்ணுகூட வராது முதலாளி."

"இஸ்கூல் உட முந்தி எடுத்துர்றேன்."

பாதிப் புரிதலோடு துணிந்தாள். "சரிப்படாது," என்று சொல்லி, துணிக்கடைக்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க! லொறி பின் ரோட்டுக்குப் போகட்டும். ஆனா ஊஞ்சல் மூணு!"

"சறுக்கு ஏழு!" என்று முதலாளியின் கடைக்குள்ளிருந்து கத்தினார் ஸப்ரி.

ரஜீவ் பேனாவைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தார். "ஷெனாலி, இப்ப வேணும்ங்கறாங்களா, வேணாம்ங்கறாங்களா? நான் என்னன்னு எழுத?"

"மூணுன்னு எழுதுங்க சேர்."