நான்காம் அட்டவணை

லாரிப் பட்டறை மாடியறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். டெலிபோனை ஒட்டி அறக்கட்டளைத் தலைவர் ராசப்பன். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, பஞ்சாயத்துத் தலைவர் தங்கசாமி. கதவோரம் ஸ்டூலில், நோட்டும் பேனாவுமாக எழுத்தர் ஆண்டி. இவர்களுக்கு எதிரே, ஆடுகிற இரும்பு நாற்காலியில் சென்னியம்மாள்.

தங்கசாமி அவளுக்குத் தாய்மாமன். அவரும் அங்கே இருப்பார் என்று தெரிந்திருந்தால், ஆய்வுச் சுருக்கம் முழுவதையும் உதவித்தொகை விண்ணப்பத்தோடு இணைத்திருக்க மாட்டாள். கேட்டதற்கு மேல் இரண்டு தாள் சேர்த்து அனுப்புவது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம்.

எழுபத்தொன்பதாம் வருடம். சென்னையில் தகவல் தொடர்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வானொலியில் வரும் வேளாண் நிகழ்ச்சி யார் காதில் விழுகிறது என்பதே அவள் கேள்வி. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், சொந்த ஊரிலேயே நாற்பது வீடு ஏறி இறங்கி விசாரித்திருந்தாள். மாத முடிவுக்குள் உதவித்தொகைக்கு வழி காட்டாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இந்த அறக்கட்டளைதான்.

நம்ம பக்கத்துப் பெண் இவ்வளவு தூரம் படித்ததே பெருமை என்று ராசப்பன் ஆரம்பித்தார். பிறகு நான்காம் அட்டவணையைத் தங்கசாமி பக்கம் நகர்த்தினார். ஊருக்குப் பொதுவான பஞ்சாயத்து ரேடியோ பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குள் இருக்கிறது, கூலிக்காரர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை என்று அதில் இருந்தது.

"ஏன் அம்மிணி, நீ எங்க உக்காந்து ரேடியோ கேட்டு வளந்தே?"

"உங்க ஊட்டுலதானுங்க மாமா."

"அப்பறம் ஆரும் கேக்கறதில்லைன்னு எழுதியிருக்கறே?"

"ஆரும்னு எழுதலீங்க. கூலிக்கு வாரவங்கன்னு எழுதியிருக்கறேன்."

ஆண்டியின் பேனா நின்றது. உங்கள் அக்கா மகள் உங்களைப் போலவே பேசுகிறாள் என்று ராசப்பன் சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை.

உதவித்தொகை முடிவாகிவிட்டது என்றார் ராசப்பன். ஒரே ஒரு கடிதம் வேண்டும். அட்டவணை தவறு, சாயங்காலம் ரேடியோவை வாசலில் வைக்கிறார்கள், ஊரே கூடிக் கேட்கிறது என்று பேராசிரியருக்கு எழுதி, அதை அறக்கட்டளை மூலமாக அனுப்ப வேண்டும். அவள் அட்டவணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராசப்பன் குரலைத் தணித்தார்.

"இங்க பாரு சாமி, நீ படிப்ப உட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டா மட்டும் இந்த அட்டவணைய ஆரு படிக்கப் போறாங்க?"

 பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டில் முதலில் விசாரணைத் தாள்களை எடுத்தாள். பதினேழாவது தாள் கூலிக்குப் போகும் அங்கம்மாளுடையது. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்: 'வாசலுக்கு வெளிய நின்னா மாடு கத்தறதுதான் கேக்குது அம்மிணி.' அதைக் கட்டுக்கு அடியில் செருகினாள். வெள்ளைத்தாளில் ஓரம் விட்டுக் கோடு போட்டு, தேதியிட்டு எழுதத் தொடங்கினாள். 'பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதிய வரி வழவழவென்று இருந்தது. வேறு தாள் எடுத்து, 'பிழை என்னுடையது' என்று எழுதினாள். வாசல், ரேடியோ, கூடுகிற ஊர் எல்லாவற்றையும் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டாள்.

பள்ளி நாளிலிருந்து அவள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் உண்டு. இதற்கு எடுக்கவில்லை. அறக்கட்டளை முகவரி எழுதிய உறையின் விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அழுத்தித் தேய்த்தாள். காயும்வரை காத்திருந்து, நாலு மணித் தபாலுக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.