இடப்பக்கக் கதவு

அன்புவழிபுரத்து ஒழுங்கை கடைசியில் கொஞ்சம் இறக்கம். உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டிய பழைய வானை, அந்த இறக்கத்துக்காகவே வீட்டு மதிலோடு ஒட்டி நிறுத்துவார்கள். தங்கேஸ்வரி பிரேக்கை விட்டாள். வான் உருண்டது. இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் ஒருதரம் விக்கி, கறுப்பாகப் புகைந்து, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"கிளச்சில கால வச்சுக்கொண்டு ஓடாத," என்றார் பக்கத்தில் இருந்த புருஷன் கோணேஸ்வரன். "அது என்ன, உன்ர தையல் மெசினே?"

அவள் காலை எடுத்தாள்.

போன வருஷம் வந்த பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் வலக்காலையும்தான் எடுத்தது. வாயை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல், ஐம்பத்துமூன்றாவது வயதில் அவள் லைசன்ஸ் எடுத்தாள். வான் ஓடப் பழகின நாட்களில் ஒழுங்கைச் சனம் படலையில் நின்று பார்த்தது. கோணேஸ்வரன் முற்றத்துக் கதிரையில் இருந்தபடி, "பிள்ளையளைப் பிடியுங்கோ, மனிசி வருது," என்று கத்துவார். சனம் சிரிக்கும். பெண்கள் கொஞ்சம் கூடவே சிரித்தார்கள்.

வான் வந்து இருபத்துநான்கு வருஷம். மீற்றர் நான்கு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுபோய் ஆறு வருஷம். டீசல் முள் எப்போதும் அரைத் தாங்கி காட்டும். மழைக்கு ஒரு வைப்பர்தான் அசையும். இடப்பக்கம் இழுத்துத் திறக்கிற பெரிய கதவு உள்ளிருந்து திறக்காது. ஆராவது இறங்கி வெளியில் நின்று திறந்துவிட வேண்டும். இதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் இதைக் குறை என்று சொல்வதில்லை.

அவர் வான் ஓடின காலத்தில் முன்சீற்று அவருடைய சிநேகிதர்களுக்கு. அவளும் மகள் யசோதராவும் பின்னுக்கு. போகிற வழியில் ஆரையாவது கண்டால், "பொறு, வாறன்," என்று இறங்கிப் போய்விடுவார். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு கலியாண வீட்டால் வரும் வழியில் ஓர்ஸ் ஹில்லில் அப்படி இறங்கினார். மத்தியான வெயில். பிள்ளை மடியில் நித்திரை. பக்கக் கண்ணாடி நான்கு விரலுக்கு மேல் நகராது. முன்சீற்றுக்கு மேலால் ஏறி இறங்கலாம்தான்; கூறைச் சேலையோடு, மடியில் பிள்ளையோடு, றோட்டில் போகிற ஆம்பிளைகளுக்கு முன்னால் அவளால் ஏலாது. இரண்டு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு அடக்க ஏலவில்லை. அவர் மூன்று சிநேகிதர்களோடு வந்து கதவை இழுத்தார்.

"தண்ணி ஒழுகுது, றேடியேற்றர் பழுதாப்போச்சு எண்டு நினைச்சன். பாத்தா மனிசி."

அந்தக் கதையை அவர் எல்லா வீட்டிலும் சொன்னார். மகளின் கலியாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் தங்கேஸ்வரியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவர் இன்னொருதரம் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சந்தியில் றிகாஸின் கராஜுக்கு வானை விட்டாள். முன் பிரேக் சத்தம் போட்டது. றிகாஸ் படுத்தபடி வேலையை முடித்து வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"வேறென்னக்கா?"

"இந்தக் கதவையும் ஒருக்காப் பாருங்கோ தம்பி. உள்ளுக்கிருந்து திறக்காது."

"அதை விடு," என்றார் கோணேஸ்வரன். "உந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறேல்ல."

"பாக்கிறதுல என்ன அங்கிள்."

"விடு எண்டு சொல்றன்."

றிகாஸ் அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் கதவின் உள்மட்டையைக் கழற்றினான். உள்ளே கையை விட்டுத் தடவினான்.

"அக்கா, இஞ்ச வாங்க. இது ஒடஞ்சதில்ல. கழட்டி வெச்சிரிக்கி."

கைபிடியையும் பூட்டையும் இணைக்கும் கம்பி ஒரு பக்கம் கழற்றப்பட்டு, கிடுகிடுக்காமல் இருக்கக் கதவின் உட்சட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. துருப்பிடிக்காமல் கிறீஸ் பூசி, பால்மாப் பைக்கற்றால் சுற்றியிருந்தது.

"ஆரோ நல்லா வேல தெரிஞ்ச ஆள்," என்று றிகாஸ் சிரித்தான்.

தங்கேஸ்வரி பைக்கற்றை விரித்துப் பார்த்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. வேறெங்கும் காணாத ஒரு கொம்பனி. பால்மா இல்லாமல் ஊர் வரிசையில் நின்ற வருஷம், விடியத் தொடக்கம் மத்தியானம் வரை அவளும் நின்று வாங்கினது அந்த ஒரு பைக்கற்தான். அப்போது யசோதரா கலியாணம் முடித்து மட்டக்களப்பில் பிள்ளையோடு இருந்தாள்.

அவள் முன்சீற்றுப் பக்கம் போய் நின்றாள்.

"ஏன் கழட்டினனீங்கள்?"

"பிள்ளை திறந்து விழுந்திடும் எண்டு." அவர் றோட்டைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசு."

"பிறகு மறந்துபோச்சு."

"மூண்டு வருஷத்துக்கு முன்னம் புதுசாச் சுத்தியிருக்கிறீங்கள்."

"அது சத்தம் போட்டது. அதுதான் கட்டினன். இப்ப அதுக்கென்ன? நீதானே ஓடுறாய்."

றிகாஸ் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "கொழுவி உடவா அக்கா? ரெண்டு நிமிசம்."

அவள் பைக்கற்றைப் பழைய மடிப்பில் மடித்து அவனிடம் நீட்டினாள்.

"வேண்டாம். இருந்த மாதிரியே கட்டி விடுங்கோ."

"அக்கா?"

"கட்டுங்கோ. சத்தம் போடாமல்."

உள்மட்டையைப் பூட்டி முடித்த பிறகு, "இவரைப் பின்னுக்கு மாத்த ஒருக்காக் கை குடுங்கோ," என்றாள்.

"நான் முன்னுக்கு இருக்கிறன்," என்றார் கோணேஸ்வரன்.

"முன்னுக்குச் சாமான் வைக்கவேணும்."

"என்ன சாமான்?"

அவள் பெரிய கதவை வெளியில் நின்று இழுத்துத் திறந்தாள். றிகாஸ் அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். அவர் நல்ல கையால் முன்கதவைப் பிடித்துக்கொண்டார். தங்கேஸ்வரி விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கோபமாக எடுக்கவில்லை. பிள்ளையின் கையிலிருந்து மண்ணைத் தட்டுவதுபோல எடுத்தாள். றிகாஸ் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினான்.

கடற்கரையில் கோட்டைப் பக்கம் சின்ன இறக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். பதினொரு மணி. முன்சீற்றில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போறாய்?"

முன்கதவுக் கண்ணாடிகளை ஏற்றினாள். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினாள். இன்னும் இறக்கலாமா என்று கைபிடியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். கையை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில இப்ப நம்பர் கூப்பிடுவாங்கள்," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "இஞ்சேரும், தங்கம். எனக்கு வெளிய போகவேணும்."

தங்கம் என்று அவர் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

றோட்டைக் கடந்து, வாகை மரத்தின் கீழ் சீமெந்து வாங்கில் இருந்தாள். தேத்தண்ணிக் கடைக்காரன் கேட்காமலே ஒரு பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தான். சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தாள். ஒருதரம் எழும்பினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு மறுபடி இருந்தாள்.

வானின் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இடக்கையால் தட்டுகிறார்; ஒழுங்கில்லாமல் வந்தது. கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் றோட்டுக்கு இறங்கி வந்தது. நிழல் தேடி வானைச் சுற்றியது. கதவுத் தகரத்தில் கடற்காற்றின் உப்பு படிந்திருந்த இடத்தை நக்கிப் பார்த்தது. உள்ளே தட்டும் சத்தம் பலத்தது. ஊரோடு பழகின மான்; ஓடவில்லை. ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு முன்கால்களை மடக்கி, வானின் முன்சில்லோடு சாய்ந்து, நிழலில் படுத்தது.