கொட்டகை மாடியில் சொன்ன பதில்கள்

அந்தக் கேள்வியைத் தன் அம்மாவிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று ஸ்மரான்டா சொன்னபோது, அவள் அம்மா அக்லாயா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மொழிபெயர்க்க வந்த பெண் எதற்கு இப்படிக் கோபப்படுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ருமேனியாவின் வால்யா ரேச்சே ஊரில், மூடிப்போன சினிமாக் கொட்டகையின் மாடியறையில் நடக்கும் நேர்காணலில் ஒருத்தி சொல்லும் பதில், வாயை விட்டு வெளியே வந்ததும் உண்மையாகிவிடும். கேட்டு முடித்த கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லக் கூடாது. நேர்காணலை நடத்திவந்த ஸாம்ஃபிரா அத்தை, ஸ்மரான்டா வேலையில் சேர்ந்த அன்றே சொல்லி வைத்த விதி அது ஒன்றுதான்.

சர்க்கரை ஆலை மூடிய வருஷத்தில் இது ஆரம்பித்தது. இத்தாலிக்காரர்களுக்குத் தங்கள் வயதான அம்மா அப்பாக்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரியில் புரட்டிப் படுக்க வைக்க ஆள் தேவைப்பட்டது. வால்யா ரேச்சேயின் பெண்களுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. ஸாம்ஃபிரா அத்தை கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள். மாடியறைச் சாவி அவளிடம் இருந்ததால், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் அவளையே பிடித்துக்கொண்டார்கள். முதலில் போன பரஸ்கீவாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்திருந்தது. முட்டி வலி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றாள், கீழே வரும்போது படிகளை ரெண்டு ரெண்டாகத் தாண்டி வந்தாள். அடுத்தவள் ஐம்பத்தைந்தை நாற்பத்தி இரண்டு என்றாள். வெளியே வந்தபோது தலைமுடி காதோரம்வரை கறுத்திருந்தது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரசபையில் ஒரு தடவை பேச்சு எழுந்து, கொட்டகைக் கூரை ஒழுகுவதுதான் அவசரம் என்று முடிவாயிற்று. சொன்ன உடனே உண்மையாகிவிடுவதால் அது பொய்க்கணக்கில் சேராது என்று பாதிரியார் பாவமன்னிப்பு கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

பரஸ்கீவா மட்டும் கொஞ்சம் பேராசைப்பட்டாள். இன்னும் நாலு வயசு குறைக்கலாமே என்று திரும்பிப் போய், வயதை மறுபடி கேட்கச் சொன்னாள். கேள்வி மறுபடி எழுந்ததுமே பழைய பதில்கள் மொத்தமும் அவிழ்ந்துவிட்டன. பயந்துபோய் வாயைத் திறக்காமல் எழுந்தவள், அறுபத்தொரு வயதும் ரெண்டு தேய்ந்த முட்டியுமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். விதி அன்றைக்கு வந்தது.

முட்டியும் வயதும் போய்க்கொண்டிருந்தவரை யாருக்கும் குறையில்லை. பிறகு இத்தாலிக் குடும்பங்கள் பிள்ளைகள் உண்டா என்று கேட்க ஆரம்பித்தன. பிள்ளை உள்ளவள் ஞாயிற்றுக்கிழமை போனில் அழுகிறாள், காய்ச்சல் என்றால் ஊருக்கு ஓடுகிறாள், அவர்கள் வீட்டுக் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேறு யாரையோ நினைக்கிறாள். படித்தவர்கள், நாகரிகமானவர்கள், தங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் அம்மாவாக இல்லாத ஒருத்தி வேண்டும் என்பதை வெட்கமில்லாமல் கேட்டார்கள். இல்லைன்னு சொல்லிடுங்கடீ, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க என்று ஸாம்ஃபிரா அத்தை வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்லாயா அப்படியே சொன்னாள்.

ஒன்பது வயது ஸ்மரான்டா கீழே டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் அம்மாவின் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்லாயா இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? எவ்வளவு நேரமா என் பையை வெச்சுக்கிட்டு நிக்கிறே? பாவம், குளிருது பாரு, வீட்டுக்குப் போ."

அதே பாதையில், பத்தடி பின்னால், ஸ்மரான்டா வீட்டுக்குப் போனாள். சுவரில் மாட்டியிருந்த அவளுடைய ஞானஸ்நானப் படத்தில் அக்லாயாவின் கைகள் மட்டும் எதையோ தாங்குவது போல வளைந்திருந்தன, அவற்றில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அக்லாயா இத்தாலிக்கு பஸ் ஏறினாள். தச்சு வேலை செய்யும் தோதர், ஸ்மரான்டாவின் அப்பா, மனைவிக்கு எத்தனையோ விதமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வீட்டுத் துக்கத்தைக் கேட்பது போல அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், அடுத்த நாள் மறந்துபோனாள். ஊரில் இப்படிப் பல வீடுகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாப்பிள்ளைகள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குத் தனி பெஞ்சு போடவில்லை, தேவையும் இருக்கவில்லை. அவர்களாகவே ஒன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.

அக்லாயா கெட்டவள் இல்லை. அதுதான் தாங்கமுடியாதது. ஆகஸ்டு தோறும் வந்தாள், மக்காச்சோளக் களியும் புளித்த பாலேடும் ஆசையாகச் சாப்பிட்டாள், தோதர் வீட்டில் வளரும் அந்தப் பெண்ணுக்கென்று சாக்லேட்டும் நல்ல ஷூவும் வாங்கி வந்தாள். அவளை யாஷ் நகரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும் என்று தோதர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது உடனே சம்மதித்தாள்.

"படிக்கட்டும். வேற யாருக்குச் செய்யப்போறேன்? எனக்கென்ன புள்ளையா குட்டியா?"

இப்படித்தான் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி உருவானாள். ஸ்மரான்டா இத்தாலிய மொழி படித்தாள். படித்தால் எல்லாம் சரியாகும் என்று அவளிடம் சொன்னவர்களில் ஒருவரும் படித்தவர் இல்லை. பட்டத்தோடு அவள் போன இடங்களில் உங்கள் அப்பா யார், உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். தச்சர் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில் வேலை கொடுத்தது ஸாம்ஃபிரா அத்தை. இத்தாலிக்காரர் கேட்பதை ருமேனிய மொழியில் சொல்வதும், பெண்கள் சொல்லும் பதிலை இத்தாலிய மொழியில் சொல்வதும் வேலை. வாரத்துக்கு நாலைந்து தடவையாவது 'பிள்ளைகள் உண்டா' என்று அவள் வாயே கேட்டது, 'இல்லை' என்று அவள் வாயே சொன்னது. மொழிபெயர்ப்பவளின் வாய்க்கு அந்த அறையில் எந்தச் சக்தியும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவள் சொல்வதுதான் நடக்கும். முதல் மாசமே இதைச் சோதித்துப் பார்த்தாள். ஒருத்திக்கு 'உண்டு, மூன்று' என்று மாற்றிச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று, பிள்ளைகள் மூன்றும் போனது போனதுதான்.

பிளம் பழம் உதிரும் சமயத்தில், அக்லாயா பார்த்துக்கொண்டிருந்த கிழவி இறந்துபோனாள். புதுக் குடும்பம், புது நேர்காணல். பழைய பதில்கள் செல்லும் என்பதால், புதிதாகக் கார் ஓட்டத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது. தெரியும் என்றாள் அக்லாயா, அந்த நொடியிலிருந்து தெரிந்தது. அப்போதுதான் ஸ்மரான்டா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகள் உண்டா என்று மறுபடி கேட்க வேண்டும் என்றாள்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" ஸாம்ஃபிரா அத்தை எழுந்தேவிட்டாள். "எல்லாம் அவுந்துரும்டீ. முதுகு போச்சு, வயசு போச்சு, வேலையும் போச்சு. யாரு பதில் சொல்றது?"

"போகட்டும் அத்தை. நான் சொல்லிக்கிறேன்."

"நீ என்னத்தைச் சொல்லுவே? உன் படிப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

இத்தாலிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்ன சண்டை என்று விசாரித்தார். ஒரு கேள்வியைச் சரிபார்க்க வேண்டும் என்று ஸ்மரான்டா அவர் மொழியில் சொன்னாள். அவருக்கு விதியெல்லாம் தெரியாது, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. பிள்ளைகள் உண்டா என்று அவரே கேட்டார்.

அக்லாயாவின் தலை நெற்றியிலிருந்து பின்பக்கமாக நரைத்தது. தோள் முன்னால் விழுந்தது, கை தானாக இடுப்புக்குப் போய் அங்கே அழுத்திக்கொண்டது. அவிழ்ந்தவற்றில் பழைய 'இல்லை'யும் ஒன்று. அவள் நிமிர்ந்து ஸ்மரான்டாவைப் பார்த்தாள். கழுத்து, காதில் இருந்த மச்சம், நகம் கடித்த விரல்கள் என்று ஒவ்வொன்றாக, கடையில் துணி பார்ப்பது போல அவசரமாகப் பார்த்தாள்.

"எவ்வளவு வளர்ந்துட்டே," என்றாள். "யாருடீ உனக்குத் தலை பின்னிவிட்டாங்க இத்தனை நாளா?"

"நானேதான்."

"அப்பாவுக்கு வராது. தெரியும் எனக்கு."

"அம்மா, கேள்வியைக் கேட்டாச்சு. பதில் சொல்லு. உண்டுன்னு சொல்லு. வேலை போனா போகுது. நான் சம்பாதிக்கிறேன்."

"இங்கயா?" அக்லாயா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க உக்காந்துகிட்டா?"

அக்லாயா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, இடுப்பிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"அப்பாவுக்கு இந்தக் குளிர்காலத்துல வேலை இருக்குமா, சொல்லு. நான் போய்த்தான் ஆகணும். உன்னை இப்படி மனசுல வெச்சுக்கிட்டு நான் அங்க எப்படிடீ இருப்பேன்? மறுபடி ஒருத்தியைக் குளிப்பாட்டணும், புரட்டிப் போடணும். ஒரு ராத்திரி தாங்கமாட்டேன்." பிறகு இத்தாலிக்காரர் பக்கம் திரும்பி, நேர்காணலில் பேச வேண்டிய குரலில், "இல்லை," என்றாள்.

ஸாம்ஃபிரா அத்தை நேரத்தை வீணாக்கவில்லை. முதுகு வலி உண்டா, வயது என்ன, கார் ஓட்டத் தெரியுமா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். முதுகு நிமிர்ந்தது, முடி கறுத்தது. எல்லாம் சரியாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்லாயா கன்னத்தில் ஈரம் எப்படி வந்தது என்று தொட்டுப் பார்த்துவிட்டு, கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா ஸ்மரான்டா, எதுக்கு அதையே திருப்பிக் கேக்கச் சொன்னே? எனக்குன்னு ஒண்ணு இருந்தா இவ்வளவு தூரம் விட்டுட்டுப் போவேனா?"

இத்தாலிக்காரர் பதிலுக்காகக் காத்திருந்தார். ஸ்மரான்டா அவருக்கு மொழிபெயர்த்தாள். பிள்ளைகள் இல்லை என்றாள். அவர் எழுதிக்கொண்டு அக்லாயாவுக்குக் கை கொடுத்தார். திங்கட்கிழமை பஸ். அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, மொழிபெயர்த்த பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே போனாள்.

ஸாம்ஃபிரா அத்தை கதவைச் சாத்தினாள். அவள் கோபம் அதற்குள் தணிந்திருந்தது. காலியான நாற்காலியை ஸ்மரான்டாவின் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"உக்காரு. அம்மா இருக்காளான்னு நான் கேக்குறேன். இல்லைன்னு சொல்லிடு. உங்க பெஞ்சுல பாதிப்பேர் இதுல உக்காந்து சொல்லிட்டுத்தான் போனாங்க. இப்ப நிம்மதியாத் தூங்குறாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வா."

அது உண்மை. அவர்களை ஸ்மரான்டாவுக்குத் தெரியும். சந்தையில் தங்கள் அம்மாக்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுவார்கள், ரெண்டு பக்கமும் வலிக்காது. ஊரில் யாரும் அதைத் தவறென்று சொன்னதில்லை. அவள் நாற்காலியைப் பார்த்தாள். மேஜையிலிருந்த பேனாவை அங்கேயே விட்டுவிட்டு, கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கடீ போறே? கேட்டுட்டேன் பாரு. அம்மா இருக்காளா?"

அவள் உட்காரவில்லை, பதில் சொல்லவும் இல்லை. கதவைத் திறந்தாள். படியில் அடுத்தவள் ஏறி வந்துகொண்டிருந்தாள், ரொம்பச் சின்னப் பெண், கைப்பிடியைப் பிடித்தபடி 'இல்லை, இல்லை' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே. படி குறுகலானது. ஸ்மரான்டா சுவரோரம் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டாள், பிறகு இறங்கிப் போனாள்.