மூன்றாம் மாடி மைதானம்

தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பளத்தைப் பிய்த்துக்கொண்டு புல் முளைத்திருந்தது. நல்ல புல்தான், குறை சொல்ல முடியாது. முந்தைய நாள் அதே அறையில் முந்திரி கொறித்துக்கொண்டே, பெண்கள் அணியின் தகுதி ஆட்டத்தை நடத்த நாட்டில் மைதானமே இல்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். இருந்த ஒரே ஸ்டேடியத்தைத் தலைவர் சோபா கண்காட்சிக்கு விட்டிருந்தார். வேறு மைதானம் என்றால் கமிட்டி நேரில் போய் நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. கமிட்டியோ ஏசியை விட்டு வெளியே கால் வைத்து வருஷக்கணக்காயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்டம் நடக்காவிட்டால் அணியைப் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் செயலாளர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே பாக்கலாம். அணியின் கேப்டன், பஸ் ஓட்டுபவள், அவருடைய சொந்த மைத்துனி. வயது முப்பத்தைந்தைத் தொட்டாயிற்று; இந்த முறை விட்டால் அவளுக்கு அடுத்த முறை கிடையாது. அந்த வாரம் வீட்டில் அவர் தட்டில் சோறு விழுந்ததே தவிர, மனைவி வாயிலிருந்து ஒரு வார்த்தை விழவில்லை என்று கீழ்வீட்டில் கேள்வி.

புல்லைப் பார்த்த தலைவர், வழக்கம்போல, அதை ஒழிக்க ஒரு துணைக் கமிட்டி போட்டார். வெட்டச் சொன்னார்கள், வெட்டினதும் அடர்த்தியாக வந்தது. ரோலர் விட்டு நசுக்கச் சொன்னார்கள்; தரை சமமாயிற்று. வியாழக்கிழமை சுவர்கள் மரியாதையாகப் பின்வாங்கிக்கொண்டன. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் அதே கட்டடம். பக்கத்து இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஓர் அங்குலமும் குறையவில்லை. மின்விசிறி மட்டும் எங்கோ உயரத்தில் பருந்துபோலச் சுற்றியது. வெள்ளிக்கிழமை, நீள மேஜையின் கால்கள் இரண்டு பக்கமும் கோல் கம்பங்களாக நின்றன.

ஆனால் புல் எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். அதை மைதானம் என்று சொல்லும் அதிகாரம் நாட்டில் சம்மேளனம் ஒன்றுக்குத்தான். சம்மேளனத்தில் செயலாளர் கையெழுத்துக்குத்தான். "கையெழுத்து போட்டே, உன் சீட்டு கிழிஞ்சுது!" என்று தலைவர் போனில் கத்தியது படிக்கட்டு வரை கேட்டது.

மைத்துனி டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடே வந்து நின்றாள்.

"என்ன மாமா, இதையும் பாக்கலாமா?"

"சும்மா இரு. அளக்காம எப்படிச் சொல்றது? டேப்போட அந்த முனையைப் பிடி."

"பிடிச்சுட்டேன். உங்க முனையை விட்டுடாதீங்க மாமா."

நீளம் சரி, அகலமும் சரி. பாக்கலாம் பேனாவைத் திறந்து, சுவரே எதிரில் இல்லாததால் மைத்துனியின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை இங்கதான் மேட்ச்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் முடிவாகச் சொன்னது அதுவே முதல் தடவை என்பது அவர் மனைவியின் கட்சி.

அதை ரத்து செய்யத் தலைவர் ஞாயிற்றுக்கிழமையே அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் கூட்ட அறையில்தான் நடக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. பளபளக்கும் தோல் ஷூவோடு அவர் உள்ளே நுழைந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. நடுவர் விசில் ஊதி, சிவப்பு அட்டையைக் காட்டி, வெளியே போகும் வழியையும் காட்டினார்.

படிக்கட்டு வழியாக ஊரே ஏறி வந்தது. எல்லோருக்கும் இடம் இருந்தது. எதிரணி முதலில் ஒன்று போட்டது, நம் பெண்கள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி நிமிடத்தில் மைத்துனி, சந்தை நெரிசலில் பஸ்ஸை நுழைப்பதுபோல மூன்று பேருக்கு நடுவே புகுந்து அடித்தாள். பந்து வலையில் விழுந்த அடியில் கட்டடத்தின் ஜன்னல்கள் அத்தனையும் தாமாகத் திறந்துகொண்டன. செயலாளர் கோட்டோடு அழுதுகொண்டே மைதானத்துக்குள் ஓடினார். நடுவர் அந்த நேரம் பார்த்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி இப்போது கீழே, 'கூட்ட அறை' என்று பலகை மாட்டிய சைக்கிள் ஷெட்டில் கூடுகிறது. கொசுக்கடியில் முடிவுகள் சீக்கிரம் வருகின்றன. போட்டி அட்டவணையில் மைதானம் என்ற இடத்தில் 'மூன்றாம் மாடி' என்றே அச்சாகிறது. விளையாட வரும் அணிகள் எதுவும் அதிசயிப்பதில்லை. பையை இறக்கிவைத்துவிட்டு வாட்ச்மேனிடம் ஒன்றை மட்டும் விசாரிக்கிறார்கள்: "லிப்ட் வேலை செய்யுதா?"